ஒட்டுறவும் கரணியமும்

(மேனிலைப் பள்ளி மாணவர்க்கும் பெற்றோர்க்கும் ஆற்றப்பெற்ற உரை)



மேனிலைப் பள்ளிப் புள்ளியியலில் ‘ஒட்டுறவு’ என்றொரு பகுதி உண்டு. சில மதிப்பெண்களுக்காக அதனை நெட்டுருச் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவோர் பலர். ஆனால், தமிழ்ப் பிள்ளைகளின் கல்வியைச் சூழ்ந்துள்ள பெரும்பொய் ஒன்றைப் பிளந்துகாட்டும் கருவி அப்பகுதிக்குள்ளேயே இருக்கின்றது.

ஒரு வகுப்பின் மாணவர் நாற்பதின்மருடைய உயரத்தையும் எடையையும் அளந்துகொள்க. உயரத்தைக் கிடைக்கோட்டிலும் எடையை நெடுக்கோட்டிலும் கொண்டு, ஒருவர்க்கு ஒரு புள்ளியாகத் தாளில் இடுக. சிதறிக் கிடக்கும் அந்நாற்பது புள்ளிகளே சிதறல் வரைபடம். புள்ளிக் கூட்டம் இடமிருந்து வலமாக ஏறிச் சென்றால் நேரிடை ஒட்டுறவு. இறங்கிச் சென்றால் எதிரிடை ஒட்டுறவு. எப்புறமும் சாயாது பரந்து கிடந்தால் ஒட்டுறவின்மை.

இங்கிலாந்து அறிஞர் பிரான்சிசு கால்டன், 205 பெற்றோர் இணையரின் உயரத்தை அவர்தம் வளர்ந்த மக்கள் 928 பேரின் உயரத்தோடு ஒப்பிட்டு, 1886ஆம் ஆண்டில் இத்துறைக்கு அடிகோலினார். அவர் வழிவந்த காரல் பியர்சன், அவ்வுறவை ஓர் எண்ணால் அளக்கும் வாய்பாட்டை 1896இல் வகுத்தளித்தார். அவ்வெண்ணே ஒட்டுறவுக் கெழு. அது −1க்குக் கீழும் செல்லாது. +1க்கு மேலும் செல்லாது.

எண் கிடைத்துவிட்டதால் படம் எதற்கு என்று கேட்கலாம். பிராங்கு ஆன்சுகோம்பு என்னும் புள்ளியியலறிஞர் 1973இல் இதற்கு விடை தந்தார். தொகுதிக்குப் பதினோரு புள்ளிகளாக நான்கு தொகுதிகளை அவர் அமைத்தார். நான்கிலும் கிடையளவின் நிரவல் (சராசரி) 9. நெடுக்களவின் நிரவல் 7.5, ஒட்டுறவுக் கெழு 0.82. எண்ணளவில் நான்கும் உடன்பிறப்புகளே. வரைந்து பார்த்தாலோ, முதலாவது சாய்கோட்டைச் சுற்றிய சிதறல், இரண்டாவது வளைகோடு, மூன்றாவது, விலகிநிற்கும் ஒரு புள்ளியைத் தவிர மற்றவையெல்லாம் நேர்கோடு, நான்காவதிலோ தொலைவில் நிற்கும் ஒற்றைப் புள்ளியே கெழு முழுவதையும் தோற்றுவிக்கின்றது. ஆகவே, கெழுவை நம்புமுன் படத்தைக் காண்க என்பதே முதற் பாடம்.

இரண்டாம் பாடம் இதனினும் பெரிது. செங்கால் நாரையே வீட்டுக்குக் குழந்தையைக் கொணர்கின்றது என்பது ஐரோப்பியரின் பழங்கதை. இராபர்ட்டு மாத்யூசு என்பார் 17 ஐரோப்பிய நாடுகளின் நாரை இணைகளின் எண்ணிக்கையையும் ஆண்டுப் பிறப்பு எண்ணிக்கையையும் ஒப்பிட்டு 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார். கெழு 0.62! அதனால் நாரை குழந்தையைக் கொணர்ந்ததாகுமா? பரந்த நாட்டில் நாரையும் மிகுதி, மக்களும் மிகுதி, பிறப்பும் மிகுதி. நாட்டின் பரப்பு என்னும் மூன்றாவது ஒன்று திரைக்குப் பின்னிருந்து இரண்டையும் உயர்த்தியது. ஒட்டி நிற்பது வேறு, பிறப்பிப்பது வேறு. முன்னது ஒட்டுறவு, பின்னது கரணியம். ‘கோரிலேசன்’ என்று ஒலியை மட்டும் மனனஞ்செய்யும் பிள்ளைக்கு இவ்வேறுபாட்டைத் தனியே புகட்டல் வேண்டும். ‘ஒட்டுறவு’ என்னும் தமிழ்ச்சொல்லோ, இஃது ஒட்டிய உறவே, பெற்ற உறவன்று எனத் தானே எச்சரிக்கின்றது.

இனி, அப்பொய்யைப் பார்ப்போம். “ஆங்கில வழியில் படித்தோர் உயர்ந்த வேலையில் அமர்கின்றனர், ஆகவே ஆங்கில வழியே உயர்வுக்குக் கரணியம்” என்கின்றனர். திரைக்குப் பின்னிருப்பது யாது? குடும்பச் செல்வம், பெற்றோர் கல்வி, வீட்டிலுள்ள நூல்கள், தனிப்பயிற்சி. இவை அனைத்தும் ஒத்த பிள்ளைகளைத் தமிழ்வழியிலும் ஆங்கில வழியிலும் ஒப்பிட்டாலன்றி அக்கூற்று நாரைக் கதையே.

அதே கோல் தமிழ்ப் பற்றாளர்க்கும் உரியது. “சப்பானும் செருமனியும் தாய்மொழியில் கற்று உயர்ந்தன, ஆகவே தாய்மொழியே உயர்வைத் தந்தது” என மேடையில் முழங்குவதும் ஒட்டுறவைக் காட்டுவதேயன்றிக் கரணியத்தை மெய்ப்பிப்பதன்று. தாய்மொழியில் கற்பித்தும் வறுமை நீங்காத நாடுகள் உள. நொய்ந்த சான்று, நல்ல கொள்கையையும் நகைப்புக்கிடமாக்கும். தாய்மொழிக் கல்விக்கு வலிய சான்று வகுப்பறையிலேயே உள்ளது: அறிந்த மொழியில் சொன்னது பிள்ளைக்கு விளங்குகின்றது, விளங்கியதை அது வினவுகின்றது.

இதனால் ஒட்டுறவு பயனற்றது என எண்ணற்க. புகைப்பழக்கமும் நுரையீரற் புற்றும் ஒட்டி நிற்பதை 1950இல் இரிச்சர்டு டாலும் பிராட்போர்டு கில்லும் காட்டினர். அவ்வளவில் அமையாது, 1951 முதல் ஏறத்தாழ 40,000 பிரித்தானிய மருத்துவரைப் பின்தொடர்ந்தனர். மிகுதியாகப் புகைத்தோரிடையே அந்நோய்ச் சாவு மிகுதியாயிருந்தது. விட்டோர்க்கு இடர் குறைந்தது. இவ்வாறே ஒட்டுறவு வினாவை எழுப்பியது; உழைப்பு கரணியத்தை நிலைநாட்டியது.

மாணவர்களே! எவரேனும் இரண்டைச் சேர்த்துக் காட்டி ஒன்றால் மற்றொன்று விளைந்தது என்றால், மூன்று வினாக்களைத் தமிழிலேயே கேளுங்கள்: படம் எங்கே? மறைந்திருக்கும் மூன்றாவது எது? கரணியத்திற்குச் சான்று யாது? தமிழுக்கு மாறாகப் பேசுவோரிடமும் கேளுங்கள். தமிழுக்காகப் பேசுவோரிடமும் கேளுங்கள். உண்மையின்மேல் நிற்கும் தமிழே நிலைக்கும்.

வாழ்க தமிழ்!