மீந்த சோறும் எரியும் அடுப்பும்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றிய உரை)

 

இவ்வாண்டின் வரவு செலவுக் கணக்கை இப்போதுதான் கேட்டீர்கள். அந்த ஏட்டில் எழுதப்படாத ஓர் இழப்பைப் பற்றி இங்குப் பேச விரும்புகிறோம். நமது மண்டபத்தில் ஒவ்வொரு நிகாஹ் விருந்திற்குப் பின்னும் சோறும் குழம்பும் குப்பைத் தொட்டிக்குப் போகின்றன. நோன்புக் கஞ்சியின் மீதமும், ஹஜ்ஜுப் பெருநாளில் ஆட்டின் இரைப்பையிலிருந்து வெளிவரும் தழையும் அவ்வாறே. பௌர்ணமிதோறும் இலட்சக்கணக்கானோர் மலையை வலம் வரும் ஊர் நம் திருவண்ணாமலை. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் வழங்கப்படும் அன்னதானத்தின் மிச்சமும் இதே சிக்கல்தான். ஊர்ப் பொதுவான இக்குறையை நம் வாசலிலிருந்து களையத் தொடங்குவதே முறை.

சாண எரிவாயு நமக்குப் புதிதன்று. 1981-82-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் நாடெங்கும் வீட்டுக் கலன்கள் கட்டப்பட்டன. 2 கன மீட்டர்க் கலனுக்கு நாள்தோறும் ஏறத்தாழ 50 கிலோ சாணமும் அதே அளவு நீரும் வேண்டும். அதாவது நான்கைந்து மாடுகள் வேண்டும். மாடுகள் விற்கப்பட்ட வீடுகளில் கலனும் காய்ந்தது. இக்குறைக்கு விடைதான் கலப்புத் தீவனம்.

மாடு உண்ட தீவனத்தின் சத்தில் பெரும்பகுதியை மாடே எடுத்துக்கொள்கிறது. எனவே சாணத்தில் எஞ்சுவது குறைவு. சமைத்த சோற்றிலோ சத்து முழுமையாக உள்ளது. ஆகவே எடைக்கு எடை வாயு மிகுதியாகக் கிடைக்கும். ஆயினும் சோறு மட்டும் போதாது. வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிர்களைத் தருவதும், புளிப்பைத் தாங்கி நிற்பதும் சாணமே. தழைச்சத்து ஒரு பங்கிற்குக் கரிச்சத்து 20 முதல் 30 பங்கு இருப்பது நன்று. கோழி எருவில் தழைச்சத்து மிகுதி. சோற்றிலும் வைக்கோலிலும் கரிச்சத்து மிகுதி. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது.

இதை நாம் பட்டே அறிந்தோம். மதரஸா சமையற்கூடத்தின் பின்புறம் அமைத்த சிறு கலனில், ஒரு விருந்தின் மறுநாள் மூன்று அண்டா பிரியாணி மிச்சத்தை ஒரே வேளையில் கொட்டினோம். இரண்டு நாளில் அடுப்பின் நீலச்சுடர் அணைந்தது. புளித்த நாற்றம் தெருவரை சென்றது. அண்டை வீட்டார் பொறுமையுடன் கேட்ட கேள்விக்கு நம்மிடம் பதிலில்லை. சோற்றை நிறுத்திச் சாணக்கரைசல் மட்டும் ஊற்றி வந்தபின், மூன்று வாரங்கள் கழித்தே சுடர் திரும்பிற்று. குற்றம் கலனுடையதன்று, அளவறியாத நம்முடையது.

பெரிய அளவிலும் இம்முறை நடைமுறையில் உள்ளது. நாமக்கல் மாவட்டம் புதுச்சத்திரத்தில் கோழி எருவுடன் சர்க்கரை ஆலைக் கழிவு முதலியவற்றைச் சேர்த்து எரிவாயு எடுக்கும் ஆலை அமைந்தது. சென்னை கோயம்பேடு சந்தையில், நாளொன்றுக்கு 30 டன் காய்கறிக் கழிவிலிருந்து வாயுவும் மின்சாரமும் எடுக்கும் நிலையம் 2005-இல் நிறுவப்பட்டது. இத்தகைய வாயுவை அழுத்தி வாகன எரிபொருளாக விற்க நடுவணரசு 2018-இல் தனித்திட்டமே தொடங்கியது.

எனவே உங்களிடம் நாம் வேண்டுவது நன்கொடை அன்று, மூன்று பழக்கங்கள். முதலாவது, விருந்து முடிந்ததும் எலும்பு, எலுமிச்சைத் தோல், பிளாஸ்டிக் குவளை ஆகியவற்றைத் தனியே பிரித்துத் தருக. இரண்டாவது, பினாயில் கலந்த கழுவுநீரைக் கலனுக்குள் விடாதிருங்கள். அது நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். மூன்றாவது, மாடு வளர்க்கும் உறுப்பினர்கள் முறைவைத்து நாள்தோறும் சாணம் அனுப்புங்கள். விருந்து எவ்வளவு பெரிதாயினும் கலனுக்குச் சிறிது சிறிதாகவே ஊட்ட வேண்டும். வெளிவரும் கரைசல் தோட்டங்களுக்கு நல்ல உரமாகும். விரும்புவோர் எடுத்துச் செல்லலாம்.

வீண் விரயம் கூடாதென்று மேடையில் சொல்வது எளிது. அதை அண்டாவின் அடியில் நிறைவேற்றுவதே கடினம். அடுத்த ஆண்டறிக்கையில் இந்த இழப்பு வரவாக மாறி நிற்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக, ஆமீன். வஸ்ஸலாம்.