பொண்ணுங்களுக்கும் ஒரு களம்



சென்னை கண்ணகி நகர், குடிசைகளை அகற்றி 2000-ம் ஆண்டிலிருந்து மக்களைக் குடியமர்த்திய இடம். சின்னச் சின்ன வீடுகள். உட்கார்ந்து பேச இடமில்லாத பிள்ளைகளுக்குக் கபடிக் களம்தான் முற்றம். அங்கே ஆடிப் பழகிய கார்த்திகா, 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் இருந்தார்.

பதக்கம் எல்லாருக்கும் கிடைக்காது, விடுங்க. சாயங்காலம் நாலு தோழிகளோடு வெளியே நிற்க ஒரு இடம் கிடைக்குதே, அதுதான் பெரிசு. பையன்களுக்கு டீக்கடை இருக்கு, பாலத்துக் கட்டை இருக்கு. பொண்ணு வயசுக்கு வந்துட்டா வாசலோட சரி. களப்பணியில் நாங்க ஊர் ஊராப் பார்க்கிறது இதுதான்.

பெண்கள் கபடிக்கு 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம் போதும். நம்ம ஊர் மைதானத்தில் சாயங்காலம் யார் ஆடுறாங்க? பார்த்துட்டு வாங்க, அடுத்த குழுக் கூட்டத்தில் பேசி, கிராம சபையில் மனு வைப்போம்.