கடைச் சாவியை யாரிடம் கொடுப்பது?

(மேலப்பாளையத்தில் நமது வணிகர் அணி கூட்டிய சிறு வணிகர் கூட்டத்தில் ஆற்றிய உரை)





உரிமைகளைப் பற்றியும் வக்ஃபு சொத்துகளைப் பற்றியும் பேசுகிற மேடையில் விளம்பர ஏஜென்சியைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். இடஒதுக்கீட்டிற்காகச் சமுதாயம் போராடியது. 2007ஆம் ஆண்டில் தமிழகத்தில் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு கிடைத்தது. அது நம் பிள்ளைகளின் படிப்புக்கும் அரசு வேலைக்கும் உதவுகிறது. ஆனால் நம் தெருக்களில் எத்தனையோ வீடுகளின் அடுப்பு எரிவது அரசு சம்பளத்தால் அல்ல. பிரியாணிக் கடையால், ஜவுளிக் கடையால், செருப்புக் கடையால், பாய் வியாபாரத்தால். அந்தக் கடைகளைக் காப்பதும் சமுதாயப் பணிதான்.

இன்று வாடிக்கையாளர் கடைத்தெருவுக்குள் நுழையுமுன் கைபேசிக்குள் நுழைகிறார். அருகில் எந்தக் கடை இருக்கிறது, எத்தனை மணிவரை திறந்திருக்கும், மற்றவர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறார். இது தெரிந்துதான் டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சிக்காரர்கள் நம் கடை வாசலில் வந்து நிற்கிறார்கள். "மாதம் இவ்வளவு கொடுங்கள் பாய், ஒரே மாதத்தில் உங்களை முதலிடத்துக்குக் கொண்டு வருகிறோம்" என்கிறார்கள். அவர்களில் நல்லவர்களும் உண்டு, நாணயமற்றவர்களும் உண்டு. எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதுதான் கேள்வி.

இரண்டு தகுதிகள்

கூலிக்கு ஆள் அமர்த்துவதற்குத் திருமறை நமக்கு ஓர் அளவுகோல் தந்திருக்கிறது. மத்யன் நகரத்துப் பெரியவரின் மகள், மூஸா (அலை) அவர்களைப் பணியில் அமர்த்தும்படி தந்தையிடம் சொன்ன நிகழ்ச்சி அல்கஸஸ் அத்தியாயத்தின் 26ஆம் வசனத்தில் வருகிறது. அங்கே சொல்லப்படும் தகுதிகள் இரண்டு. ஒன்று, வேலை செய்யும் வலிமை. மற்றொன்று, நம்பகத்தன்மை. இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும். திறமை இருந்து நாணயம் இல்லையென்றால் கடை பறிபோகும். நாணயம் இருந்து திறமை இல்லையென்றால் காசு பறிபோகும்.

"நம்ம ஜமாஅத் பையன், கம்ப்யூட்டர் படித்தவன்" என்பது மட்டும் தகுதி ஆகாது. "அவர் நம் மார்க்கத்தவர் இல்லையே" என்பது தடையும் ஆகாது. ஹிஜ்ரத் பயணத்தின்போது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியாகக் கூலிக்கு அமர்த்திய அப்துல்லாஹ் இப்னு உரைகித் அப்போது முஸ்லிம் அல்லர். ஆனால் பாதை அறிந்தவர், வாக்குத் தவறாதவர். ஒட்டகங்களை அவரிடம் ஒப்படைத்தார்கள்; சொன்னபடி மூன்று இரவுகள் கழித்து தவ்ர் குகைக்கு அவர் அவற்றைக் கொண்டுவந்து சேர்த்தார். உயிருக்கு ஆபத்தான பயணத்திலேயே அளவுகோல் இதுவென்றால், வியாபாரத்துக்கு வேறு அளவுகோல் எதற்கு?

முதலில் உங்கள் தேவை என்ன?

ஏஜென்சியைத் தேடுமுன் உங்கள் வாடிக்கையாளர் எங்கே இருக்கிறார் என்று யோசியுங்கள். ஒரு டீக்கடைக்கும் பிரியாணிக் கடைக்கும் ஆள் வருவது சில கிலோமீட்டர் சுற்றளவிலிருந்து. அவர்களுக்குக் கூகுள் வரைபடத்தில் கடையின் பெயர், நேரம், தொலைபேசி எண், நல்ல படங்கள் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. கூகுள் பிசினஸ் புரொஃபைல் என்னும் அந்தப் பதிவுக்குக் கட்டணம் எதுவும் கிடையாது. வீட்டில் படிக்கிற பிள்ளையே ஒரு நாளில் செய்துவிடலாம்.

பத்தமடையில் கோரைப் பாய் நெய்யும் நம் குடும்பங்களின் நிலை வேறு. புவிசார் குறியீடு பெற்ற பாய் அது. அதன் அருமை அறிந்து வாங்குபவர் சென்னையிலும் பெங்களூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார். அங்கே வரைபடத்தில் கடை தெரிந்து என்ன பயன்? நெய்யும் முறையைக் காட்டும் படங்கள் வேண்டும், இன்ஸ்டாகிராம் பக்கம் வேண்டும், வாட்ஸ்அப்பில் விலைப்பட்டியல் வேண்டும், பார்சல் அனுப்பும் ஏற்பாடு வேண்டும். டீக்கடைக்கும் பாய் நெசவுக்கும் ஒரே திட்டத்தை நீட்டுகிற ஏஜென்சி, உங்கள் தொழிலைப் பார்க்கவில்லை, உங்கள் பையைத்தான் பார்க்கிறது.

உள்ளூர் ஏஜென்சியை நாடுவதில் நன்மை உண்டு. நேரில் வந்து படம் எடுப்பார்கள். ரமளானில் இங்கே வியாபாரம் எந்த நேரத்தில் சூடு பிடிக்கும், தீபாவளிக்கு எப்போது கூட்டம் வரும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். திருநெல்வேலித் தமிழில் எழுதுவார்கள். குறை இருந்தால் அலுவலகத்துக்கே நடந்துபோய்க் கேட்கலாம்.

திறமையைச் சோதிப்பது எப்படி?

அவர்கள் ஏற்கெனவே வேலை செய்து கொடுத்த மூன்று கடைகளின் பெயரைக் கேளுங்கள். அந்தக் கடைக்காரர்களிடம் நீங்களே பேசுங்கள். எத்தனை 'லைக்' வந்தது என்று கேட்காதீர்கள். எத்தனை தொலைபேசி அழைப்பு வந்தது, எத்தனை பேர் கடைக்கு வந்தார்கள் என்று கேளுங்கள். லைக்கை வைத்து மளிகை வாங்க முடியாது.

"முதலிடம் உறுதி" என்று வாக்குக் கொடுப்பவரிடம் கவனமாக இருங்கள். உள்ளூர்த் தேடலில் ஒரு கடை முன்னே வருவதற்குக் கூகுள் சொல்லும் காரணங்கள் மூன்று: தேடியதற்கும் கடைக்கும் உள்ள பொருத்தம், தேடுபவருக்கும் கடைக்கும் உள்ள தூரம், கடை பெற்றிருக்கும் பெயர். பணம் கொடுத்து இந்த வரிசையை வாங்க முடியாது என்று அந்த நிறுவனமே சொல்கிறது. விளம்பரம் என்று குறிப்பிட்டு மேலே காட்டுவது தனிக் கணக்கு. இந்த இரண்டையும் குழப்புகிறவர் ஒன்று அறியாதவர், அல்லது அறிந்தே ஏமாற்றுகிறவர்.

சாவி உங்கள் கையில்

இனி நம்பகத்தன்மைக்கு வருவோம். சகோதரர்களே, இன்று நான் சொல்லும் மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறந்துவிடாதீர்கள்.

கடைக்கு வெள்ளையடிக்க வந்தவரிடம் கடைப் பத்திரத்தை எழுதிக் கொடுப்போமா? ஆனால் இணையத்தில் நம்மவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். பதிவை ஏஜென்சியின் மின்னஞ்சலில் தொடங்கச் சொல்கிறார்கள். இணையதளப் பெயரை ஏஜென்சியின் பெயரில் வாங்கவிடுகிறார்கள். ஓ.டி.பி. ஏஜென்சியின் கைபேசிக்குப் போகிறது. ஒருநாள் கட்டணத்தில் தகராறு வருகிறது. மறுநாள் பார்த்தால், பல ஆண்டுகள் பாடுபட்டுச் சேர்த்த நற்பெயரும், நூற்றுக்கணக்கானவர் எழுதிய கருத்துகளும் இருக்கிற பக்கத்துக்குள் கடை முதலாளியே நுழைய முடிவதில்லை.

ஆகவே நான்கு சாவிகளும் உங்களிடம் இருக்கட்டும்.

முதல் சாவி, கூகுள் பதிவு. அதில் முதன்மை உரிமையாளராக உங்கள் சொந்த மின்னஞ்சல் இருக்க வேண்டும். ஏஜென்சியை 'மேனேஜர்' என்று சேர்த்தால் போதும். அவர்கள் வேலையெல்லாம் செய்யலாம், வேண்டாமென்றால் நீங்கள் நீக்கிவிடலாம். ஏற்கெனவே பிறர் கையில் போய்விட்டதா? அந்தப் பதிவிலேயே உரிமை கோரி விண்ணப்பிக்கும் வசதி இருக்கிறது. இப்போது வைத்திருப்பவர் பதில் சொல்ல 3 நாள் அவகாசம்.

இரண்டாவது சாவி, இணையதளப் பெயர். அது உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவாக வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்கும் அறிவிப்பு உங்களுக்கு வர வேண்டும்.

மூன்றாவது சாவி, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்கள். உரிமை உங்களுடையது; பாஸ்வேர்டைக் கொடுக்காமலே ஏஜென்சிக்குப் பணி அனுமதி மட்டும் கொடுக்க முடியும்.

நான்காவது சாவி, விளம்பரக் கணக்கு. விளம்பரத்துக்கான பணம் உங்கள் கணக்கிலிருந்து நேராகக் கூகுளுக்கோ மெட்டாவுக்கோ போகட்டும். ஏஜென்சியின் கூலி தனி, விளம்பரச் செலவு தனி. இரண்டையும் சேர்த்து ஒரே தொகையாக வாங்கினால், பத்தாயிரம் கொடுத்ததில் எவ்வளவு விளம்பரத்துக்குப் போனது, எவ்வளவு அவர் பையில் தங்கியது என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. விளம்பரச் சேவைக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு, ஜி.எஸ்.டி. பெயரில் பணம் கேட்டால் எண்ணுடன் முறையான பில் கேளுங்கள்.

இந்தச் சாவிகளைத் தரமாட்டேன் என்கிற ஏஜென்சி எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

ஈரமான தானியம்

"போட்டிக் கடைக்கு 200 நல்ல கருத்து இருக்கிறது, உங்களுக்கும் 300 போட்டுத் தருகிறோம்" என்று ஒரு பேரம் வரும். சந்தையில் தானியக் குவியலுக்குள் கை நுழைத்து, அடியில் ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் அந்த வியாபாரியை எப்படிக் கண்டித்தார்கள் என்பதை நாம் ஜும்ஆ மேடைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். வாங்கும் எண்ணமே இல்லாமல் விலையை ஏற்றிக் கேட்கும் 'நஜ்ஷ்' தடுக்கப்பட்டது என்பதையும் அறிவோம். சாப்பிடாதவர் ருசியைப் புகழ்ந்து எழுதுவதும் அந்த இனத்தைச் சேர்ந்ததே. காசு கொடுத்து வாங்கிய புகழில் வரும் வருமானத்தில் பரக்கத் இருக்குமா?

நாட்டின் சட்டமும் இதை அனுமதிக்கவில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறான விளம்பரத்துக்குத் தண்டனை விதிக்கிறது. இணையக் கருத்துகளுக்கென்றே இந்தியத் தர நிர்ணய நிறுவனம் 2022இல் ஒரு தரவிதி வெளியிட்டது. பொய்க் கருத்துகளைக் கூகுள் கண்டுபிடித்தால் நீக்குகிறது, சில வேளை பதிவையே முடக்குகிறது. நல்ல வழி எளிதானது. சாப்பிட்டுத் திருப்தியோடு போகிறவரிடம், "உங்கள் கருத்தை எழுதுங்கள்" என்று நேராகக் கேளுங்கள். யாராவது குறை எழுதினால் கோபப்படாமல் பதில் சொல்லித் திருத்திக்கொள்ளுங்கள்.

வதந்தி வரும் நாளில்

இதெல்லாம் வெறும் லாபக் கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள். 2020 ஏப்ரலில், கொரோனா நேரத்தில், முஸ்லிம் காய்கறி, பழ வியாபாரிகளைப் பற்றி என்னென்ன பொய்ப் படங்கள் கைபேசிக்குக் கைபேசி பறந்தன! 2022இல் கர்நாடகக் கடலோரப் பகுதிகளில் கோயில் திருவிழாக்களில் முஸ்லிம்கள் கடை போடக்கூடாது என்று பலகை வைத்தார்கள். 2024 ஜூலையில் உத்தரப்பிரதேசத்தில் காவடி யாத்திரைப் பாதையில் உணவுக் கடைக்காரர் தம் பெயரை எழுதி வைக்க வேண்டும் என்றார்கள். அம்மாதம் 22ஆம் நாள் உச்சநீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது.

நம் ஊரில் மாமன் மச்சானாகப் பழகுகிறோம், அந்த நிலை இங்கே இல்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஒரு கடையைப் பற்றி ஒரு வதந்தி கிளம்ப ஒரு நிமிடம் போதும். அந்த நேரத்தில் உங்கள் பக்கத்தில் உண்மையை எழுத, சமையலறையைப் படமெடுத்துக் காட்ட, பொய்க் கருத்தைப் பற்றிப் புகார் செய்ய, சாவி உங்கள் கையில் இருக்க வேண்டும். "ஏஜென்சிக்காரர் போனை எடுக்கவில்லை" என்று நிற்கிற கடை அன்று என்ன செய்யும்?

ஒரே தளத்தை நம்பியும் இருக்காதீர்கள். 2020 ஜூன் 29 அன்று அரசு 59 செயலிகளைத் தடை செய்தபோது டிக்டாக்கை மட்டுமே நம்பியிருந்தவர்களின் உழைப்பு ஒரே இரவில் போயிற்று.

எழுதிக்கொள்ளுங்கள்

கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்லும் அல்பகரா 282ஆம் வசனம் திருமறையிலேயே நீளமான வசனம். தெரிந்தவர் என்பதற்காக எழுத்தை விட்டுவிடாதீர்கள். முதலில் மூன்று மாதத்துக்கு மட்டும் ஒப்பந்தம் போடுங்கள். மாதம் எத்தனை படம், எத்தனை பதிவு, கூலி எவ்வளவு, கணக்கு எந்தத் தேதியில் காட்டுவது, எடுத்த படங்கள் யாருக்குச் சொந்தம், பிரிந்தால் எத்தனை நாளில் எல்லாவற்றையும் ஒப்படைப்பது, இவையெல்லாம் ஒரு தாளில் இருக்கட்டும். வாடிக்கையாளரின் தொலைபேசி எண்கள் அமானிதம். அவற்றை வேறு கடைக்கு விற்கக்கூடாது என்றும் எழுதுங்கள். தனிநபர் விவரங்களைக் காக்க 2023இல் சட்டமே வந்திருக்கிறது. வேலைக்காரப் பெண்களின் படத்தை அவர்கள் சம்மதமின்றிப் போடக்கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நிறைவாக இரண்டு வேண்டுகோள்கள். ஒன்று, ஒவ்வொரு மஹல்லாவிலும் கம்ப்யூட்டர் தெரிந்த இளைஞர்கள் அஸருக்குப் பின் ஒரு மணி நேரம் ஒதுக்கி, முதியவர்களின் கடைகளைப் பதிவு செய்து, சாவியை அவர்கள் கையிலேயே கொடுங்கள். இரண்டு, தனித்தனியாக ஏஜென்சி வைக்க வசதியில்லாத பத்துக் கடைகள் சேர்ந்து, ஒரு நல்ல ஏஜென்சியோடு ஒப்பந்தம் செய்யுங்கள். கூலியைப் பகிர்ந்துகொள்ளலாம், உரிமை மட்டும் அவரவர் கடைக்கே இருக்கட்டும்.

நேர்மையான வியாபாரத்தில் பரக்கத்தையும், நம் சமுதாயத்துக்குக் கண்ணியமான வாழ்வையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.