ஜாம் போத்தல் விளக்கும் திருவாதிரையும்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் எமது அணியினர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நாங்கள் மின்சாரம் இல்லாத காலத்துப் பிள்ளைகள். 1990களில் யாழ்ப்பாணத்தில் படித்தவர்களுக்கு ஜாம் போத்தல் விளக்கு மறந்திராது. ஆனால் அதை அணைத்தபின் விடுதி முற்றத்தில் தெரிந்த வானம் இன்று ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் எங்களுக்குக் கிடைப்பதில்லை. விஞ்ஞான ரீச்சர் சொல்லித்தந்தபடி நாங்கள் ஆறு பேர் திருவாதிரை விண்மீனின் ஒளியை ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினோம்.

திருவாதிரை ஒளி மாறும் விண்மீன். அதைவிடக் கூடிய ஒளியுள்ள ஒன்றையும் குறைந்த ஒன்றையும் அருகே தெரிந்துகொண்டு, இரண்டுக்கும் நடுவில் அது எங்கே நிற்கிறது என்று மதிப்பிட வேண்டும். எங்களுக்கு ரோகிணிதான் கீழ் அளவுகோல். வெறுங்கண் போதும். ஒரே கட்டுப்பாடு, முதல்நாள் எண்ணைப் பார்க்காமல் எழுதுவது. ஒருத்தி எப்போதும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவாள். பெயர் சொல்லமாட்டோம், மண்டபத்தில்தான் இருக்கிறாள்.

1995 இடப்பெயர்வில் அந்தக் கொப்பி போய்விட்டது. அன்றிரவு அதை யாரும் நினைக்கவில்லை.

வெகுகாலத்தின் பின்னர்தான் ராதா கோவிந்த சந்திராவைப் பற்றி வாசித்தோம். வங்காளத்து ஜெசோரைச் சேர்ந்தவர். பள்ளி இறுதிப் பரீட்சையில் மூன்று முறை தவறியவர் (ஆசிரியர்கள் மன்னிக்க வேண்டும்). திறைசேரியில் நாணயம் சரிபார்க்கும் வேலை. 1912இல் 3 அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வாங்கினார். 1918 ஜூனில் கழுகு உடுத்தொகுதியில் நோவா தோன்றியபோது தாமாகவே அதைக் கண்டுகொண்டவர்களில் அவரும் ஒருவர். நோவா என்றால் புதிய விண்மீன் அல்ல. ஒரு வெண்குறுமீன் தன் துணையிடமிருந்து இழுத்துச் சேர்த்த வாயு, மேற்பரப்பில் ஒருநாள் வெடிப்பதுதான் அது.

அமெரிக்காவில் 1911இல் தொடங்கிய மாறும் விண்மீன் நோக்குநர் சங்கத்துக்கு அவர் தம் மதிப்பீடுகளை அனுப்பினார். 37,000க்கு மேல்! சங்கம் 1926இல் 6 அங்குலத் தொலைநோக்கி ஒன்றை அவருக்கு இரவலாக அனுப்பியது; அது பிற்காலத்தில் வைணு பாப்புவின் கைக்குப் போய், தமிழ்நாட்டுக் காவலூர் வரை வந்தது. பிரிவினைக்குப் பின் சந்திராவும் ஊரை விட்டு இந்தியப் பக்கம் போனார். ஆனால் அவர் எண்கள் ஏற்கெனவே கடல் கடந்திருந்தன. எங்கள் கொப்பிக்குப் பிரதி இருக்கவில்லை. தபால் போகாத ஊரில் யாருக்கு அனுப்புவது?

2019 முடிவில் திருவாதிரை மங்கத் தொடங்கியது. 2020 பெப்ரவரியில் அதன் ஒளி வழமையின் அரைவாசிக்கும் கீழே போயிற்று. விண்மீன் கக்கிய தூசு மறைத்ததே முக்கிய காரணம் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். எங்கள் ஆறு பேரின் வட்ஸ்அப் குழுவில் அந்த மாதம் வேறு பேச்சே இல்லை. சிட்னிக்காரிக்கு ஓரியன் தலைகீழாகத் தெரியும். அவளுடைய எண்தான் சராசரிக்கு மிகக் கிட்ட வந்தது. இம்முறை எல்லாவற்றையும் அதே சங்கத்துக்கு அனுப்பினோம்.

இப்போது காத்திருப்பது வடமகுடத்தில் உள்ள ஒரு நோவாவுக்கு. 1866இலும் 1946இலும் வெடித்தது, ஏறத்தாழ 80 ஆண்டு இடைவெளி. மே, ஜூன் மாதங்களில் முன்னிரவில் சுவாதிக்குக் கிழக்கே ஓர் அரைவட்டம் தெரியும், அங்கேதான். ஒஹையோ விவசாயி மகன் லெஸ்லி பெல்ரியர் இதை 25 வருடம் பார்த்து வந்தார். 1946 பெப்ரவரியில் ஓர் அதிகாலை எழும்பினார். தடிமன் வரும்போல் இருந்தது, திரும்பிப் படுத்துவிட்டார். அன்றுதான் வெடித்தது.

நாங்கள் முறை வைத்துப் பார்க்கிறோம். வெள்ளிக்கிழமை இன்னும் ஆளில்லை. விரும்பியவர்கள் தேநீர் வேளையில் எங்களிடம் பெயர் கொடுக்கலாம்.