மீதி 48 நிமிஷம்

போன எபிசோடில் டைம்ஷீட் பத்திப் புலம்பியிருந்தேன். அதைக் கேட்டுட்டு என் பெரியம்மா மகள் போன் பண்ணினாங்க. "இதெல்லாம் ஒரு கஷ்டமாடா? என் கணக்கைக் கேளு"ன்னாங்க.

அக்கா அமெரிக்காவில் ஒரு நர்சிங் ஹோமில் ஸ்பீச் தெரபிஸ்ட். நம்ம ஊரில் நர்சிங் ஹோம்னா சின்ன ஆஸ்பத்திரி. அங்கே அது பெரும்பாலும் வயசானவங்க தங்கி, நர்ஸ் கவனிப்பும் தெரபியும் பெறுகிற இடம். ஸ்பீச் தெரபின்னா பேச்சு மட்டும் இல்லை. பக்கவாதம் வந்தவர் தண்ணியைச் சரியா விழுங்குறாரான்னு பார்க்கிறதும் அவங்க வேலைதான். தண்ணி தப்பி நுரையீரலுக்குள் போனா நிமோனியா வரலாம்.

அக்காவோட டார்கெட் 90 சதவீதம். எட்டு மணி நேரம்னா 480 நிமிஷம். அதில் 432 நிமிஷம் பில் போடக்கூடிய தெரபியா இருக்கணும். மீதி 48. ரூம் ரூமா நடக்கிறது, நர்ஸ்கிட்ட பேசுறது, நோட்ஸ் எழுதுறது, பாத்ரூம் போறது எல்லாம் அதுக்குள்ள. நோயாளி டயாலிசிஸுக்குப் போயிருந்தா, அந்தக் காத்திருப்பும் அதில்தான் கழியும்.

ஒரு தாத்தாவுக்குத் தண்ணியில் பவுடர் கலந்து கெட்டியாக்கித்தான் கொடுக்கணும்னு அக்கா எழுதி வச்சாங்க. எவ்வளவு கெட்டின்னு கிச்சனில் நேரில் காட்டணும். அந்தப் பத்து நிமிஷத்துக்கு பில் கிடையாது. அக்கா பஞ்ச் அவுட் பண்ணிட்டு, சம்பளம் இல்லாம போய்க் காட்டிட்டு வந்தாங்க.

2019 செப்டம்பர் வரைக்கும் மெடிகேர், அதாவது அங்குள்ள முதியோருக்கான அரசு காப்பீடு, முக்கியமா தெரபி நிமிஷத்தை வச்சுப் பணம் கொடுத்தது. வாரம் 720 நிமிஷம் தொட்டா உச்ச அடுக்கு. நிமிஷம்தான் வருமானம். தேவையில்லாத தெரபி கொடுத்ததா நீதித்துறை வழக்குப் போடுற அளவுக்குப் போச்சு. 2019 அக்டோபர் 1 முதல் பிடிபிஎம்னு புது முறை. நோயாளியின் நிலையைப் பார்த்துப் பணம். நல்ல மாற்றம்தான். ஆனா இப்போ அதே நிமிஷம் செலவாயிடுச்சு. ஆட்களைக் குறைச்ச இடங்கள் உண்டு. அக்காவோட 90 மட்டும் குறையலை.

நானும் ஆபீஸில் இப்படி ஒரு டாஷ்போர்டு எழுதியிருக்கேன். பில் ஆகாத நேரத்தைச் சிவப்பில் காட்டும். டெமோவில் கைதட்டினாங்க. அந்தச் சிவப்புக்குள்ள யாரோ ஒருத்தர் கிச்சனில் நின்னு தண்ணி கலக்கிக் காட்டிட்டிருப்பாங்கன்னு அன்னைக்கு எனக்குத் தோணவே இல்லை.

உங்க வேலையில் கணக்கில் வராத அந்தப் பத்து நிமிஷம் எது? எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பேசுவோம்.