இணைய வழியில் டாக்டர் பட்டம்
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

டாக்டர் பட்டத்தைப் பற்றிப் பேச, மெட்ரிகுலேஷன் அளவே கற்ற ஒரு ரயில்வே குமாஸ்தாவை அழைத்திருக்கிறீர்கள். இது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். பட்டம் பெற்றவர் பேசினால் பட்டத்தின் பெருமையைப் பேசுவார். குமாஸ்தாவுக்குத் தெரிந்ததெல்லாம் விதியைப் படிப்பதும் காகிதத்தைச் சரிபார்ப்பதும் தாமே! அவ்விரண்டையுமே இன்று உங்கள் முன் செய்ய விழைகின்றேன்.

நம் டோம்பிவிலியில், எம்.ஏ., எம்.காம். முடித்து உத்தியோகத்தில் அமர்ந்த பின்னரும் மேலே கற்க விரும்பும் இளைஞரும் இளம்பெண்டிரும் பலர் உளர். போக வர நாள்தோறும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வண்டியிலேயே நின்று கழிக்கும் அவர்கள், கல்லூரிக்கு எப்போது செல்வது? இந்த ஏக்கத்தை வணிகர் நன்கு அறிந்துள்ளனர். "வேலையை விட வேண்டா, வீட்டிலிருந்தே டாக்டர் ஆகலாம்" என்று கைபேசியில் ஓயாது விளம்பரம் செய்கின்றனர். நமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில், ஆசிரியப் பணியிலிருக்கும் பெண்மணி அத்தகைய நிறுவனம் ஒன்றில் சேர்ந்து, தந்தையார் சேர்த்துவைத்த பணத்தைக் கட்டிப் பட்டமும் பெற்றார். பதவி உயர்வுக்கு அதனைக் காட்டியபோது, அது செல்லாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெயர்கள் ஈண்டு வேண்டா. போன பணத்தைச் சம்பாதிக்கலாம்; போன மூன்று ஆண்டுகளை யார் தருவார்?

விதி என்ன சொல்கிறது? திறந்தநிலைக் கல்விக்கும் இணையவழிக் கல்விக்குமாகப் பல்கலைக் கழக மானியக் குழு 2020-ஆம் ஆண்டு வெளியிட்ட விதிகளில், அவ்வழிகளில் நடத்தக்கூடாத படிப்புகளுள் ஆராய்ச்சிப் பட்டமும் சேர்க்கப்பட்டுள்ளது. வெளிநாட்டுக் கல்வி நிலையங்களோடு கூட்டுச் சேர்ந்து கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்கள் நடத்தும் இணையவழி டாக்டர் படிப்புகளுக்குத் தன் அங்கீகாரம் இல்லை என்று, அதே குழு தொழில்நுட்பக் கல்விக் குழுவோடு இணைந்து 2022 அக்டோபரில் வெளிப்படையாக எச்சரித்தது.

இதனைக் கேட்டு, வீட்டிலிருந்து கற்பதே பயனற்றது என்று எவரும் எண்ணிவிடலாகாது. லண்டன் பல்கலைக் கழகம், தன்னிடம் வந்து பயிலாதவர்க்கும் தேர்வெழுதும் உரிமையை 1858-இலேயே வழங்கியது. நம் நாட்டில் டில்லிப் பல்கலைக் கழகம் 1962-இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கிற்று. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக் கழகம் 1985-இலும், நம் ரயில் பாதையிலேயே உள்ள நாசிக்கில் யசுவந்தராவ் சவாண் திறந்தநிலைப் பல்கலைக் கழகம் 1989-இலும் தோன்றின. பி.ஏ.வும் எம்.ஏ.வும் இவ்வழியிற் கற்று முன்னேறியோர் நம்மிடையே பலர். ஆனால் அவை பிறர் கண்டதைக் கற்றுக்கொள்ளும் படிப்புகள். டாக்டர் பட்டமோ, பிறர் காணாத ஒன்றைத் தாமே கண்டு, அறிந்தோர் முன் நிலைநாட்டுவது. அங்கேதான் வழிகாட்டியும் நூலகமும் நேர்முக வினாவும் இன்றியமையாதன ஆகின்றன.

உத்தியோகத்திலிருப்பவர்க்கு இது கைகூடுமா என்று கேட்பீர்கள். டாக்டர் மு. வரதராசனார் அவர்களை எண்ணிப் பாருங்கள். பள்ளிப் படிப்பு முடிந்ததும் திருப்பத்தூர்த் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராய் அமர்ந்தவர் அவர். உடல்நலம் குன்றி அவ்வேலையை விட்டார். வீட்டிலிருந்தே தமிழ் கற்றார். 1935-இல் வித்துவான் தேர்வில் மாநிலத்திலேயே முதல்வராய்த் தேறினார். ஆசிரியராய்ப் பணியாற்றிக்கொண்டே 1939-இல் பி.ஓ.எல்., 1944-இல் எம்.ஓ.எல்., 1948-இல் சென்னைப் பல்கலைக் கழகத்தின் டாக்டர் பட்டம் என்று படிப்படியாக ஏறினார். வித்துவான் தேர்வுக்கும் டாக்டர் பட்டத்துக்கும் இடையே பதின்மூன்று ஆண்டுகள்! சங்க இலக்கியத்தில் இயற்கை என்னும் அவருடைய ஆராய்ச்சியை இன்றும் மாணாக்கர் எடுத்துப் படிக்கின்றனர். பின்னர் 1971-இல் மதுரைப் பல்கலைக் கழகத்துக்கு அவர் துணைவேந்தரானார். அஞ்சல்வழிக் கல்வி அங்கே தொடங்கியதும் அக்காலத்தேதான். வீட்டிலிருந்து கற்பதன் அருமையை அவரினும் அறிந்தவர் யார்?

அத்தகைய நேர்வழி இன்றும் அடைபடவில்லை. 2022 நவம்பரில் வந்த டாக்டர் பட்ட விதிகள், பகுதி நேரமாக ஆராய்ச்சி செய்ய இடமளிக்கின்றன. உத்தியோகத்தில் இருப்போர் தம் அலுவலகத்திடமிருந்து தடையில்லாச் சான்று பெற்றுத் தரவேண்டும். படிக்கப் போதிய நேரம் கிடைக்கும் என்றும், பாட வகுப்புக்குத் தேவையானால் பணியினின்று விடுவிப்போம் என்றும் அச்சான்று கூறவேண்டும். பாட வகுப்பும் சேர்ந்து குறைந்தது மூன்று ஆண்டுகள் ஆகும். ஆறு ஆண்டுகள் வரை காலம் உண்டு. அதன்மேல் மறுபதிவால் இரண்டு ஆண்டுகள் நீட்டிக்கலாம். பெண்களுக்கு மேலும் இரண்டு ஆண்டுகள் சலுகை உண்டு என்பதைத் தாய்மார்கள் கருத்தில் கொள்க. முடிவில், அந்தப் பல்கலைக் கழகத்தைச் சேராத இருவரேனும் ஆய்வேட்டைப் படித்து மதிப்பிடுவர். பின்னர் நேர்முக வினாவில் விடை சொல்லியாக வேண்டும். ஆதலின், "ஓராண்டில் பட்டம்" என்பவர், வண்டி ஏறாமலே ஊர் சேர்க்கிறேன் என்பவருக்கு நிகராவார்.

இணையத்தை விலக்குக என்றும் நான் சொல்லவில்லை. இந்தியப் பல்கலைக் கழகங்களின் ஆய்வேடுகள் பல்லாயிரம் 'சோத்கங்கா' என்னும் இணைய நூலகத்தில் காசில்லாமற் கிடைக்கின்றன. எந்தத் துறையில் இறங்க விரும்புகின்றீர்களோ, அத்துறையில் நான்கு ஆய்வேடுகளை முதலில் எடுத்துப் படியுங்கள். அந்தப் படிப்பே இனிக்குமாயின் மேலே செல்லலாம். கசக்குமாயின் பணம் கட்டுமுன் தெரிந்ததே இலாபம். 2017-இல் அரசாங்கம் தொடங்கிய 'சுவயம்' பாடங்களை இரவில் வீட்டிலிருந்தே கேட்கலாம். இணையம் புத்தகத்தைக் கொண்டுவரும்; ஆசிரியர் குரலைக் கொண்டுவரும்; உழைப்பை மட்டும் நாமே கொண்டுவர வேண்டும்.

பணம் கட்டுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இப்பல்கலைக் கழகம் மானியக் குழுவின் பட்டியலில் உளதா? என் வழிகாட்டி யார், அவரை நான் நேரிற் காணலாமா? என் ஆய்வேட்டைப் படிக்கும் வெளித் தேர்வாளர் எத்தனை பேர்? இவற்றுக்கு நேரான விடை வராத இடத்தில் ஒரு ரூபாயும் கொடாதீர்கள்.

இறுதியாகச் சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம். ஓர் அறையும் சமையற்கட்டுமே உள்ள நம் வீடுகளில், ஆறு ஆண்டுகள் ஒருவர் அமர்ந்து படிப்பதற்கு இடம் ஏது? சங்க நூலகத்தை மாலை எட்டு மணி முதல் பதினொரு மணி வரை திறந்துவைத்து, இரண்டு மேசைகளையும் நல்ல விளக்கையும் அமைத்துத் தந்தால் போதும். இல்லத்தாரும், "இன்னுமா முடியவில்லை?" என்று ஆண்டுதோறும் கேளாதிருத்தல் வேண்டும். இவ்வளவும் நாம் செய்வோமாயின், விளம்பரக்காரரின் வாசலுக்கு நம் பிள்ளைகள் செல்லமாட்டார்கள்.  வளர்க நம் சங்கம்! வாழ்க தமிழ்!