கை நம்முடையது, சலுகை யாருக்கு?



2020-ல் கொரோனா வந்து ஆபீஸ்களைப் பூட்டியபோது சம்பளக்காரர்கள் பலர் வீட்டிலிருந்தே வேலை பார்த்தார்கள். வீட்டுக் கரண்டும் மேஜையும் கம்பெனிக்காக அல்லவா செலவாகிறது, வருமான வரியில் அதற்குக் கழிவு உண்டா என்று கேட்டார்கள். பிரிட்டனில் அப்போது வாரத்துக்கு 6 பவுன் கழித்துக்கொள்ள வழி இருந்தது. இங்கே 2021 பட்ஜெட்டில் வரும் என்று பார்த்தார்கள், வரவில்லை.

அவர்கள் கேட்டது நியாயம்தான். வேலைக்கு ஆகும் செலவை வேலை வாங்குகிறவன் ஏற்கவேண்டும். ஆனால் சிவகாசி, சாத்தூர் பக்கத்துத் தாய்மார்கள் எத்தனை காலமாக வீட்டிலிருந்து வேலை பார்க்கிறார்கள்? அந்தக் கரண்டு பில்லை யார் கேட்டார்கள்?

1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். தொழில் வளர்ந்தது. பெட்டி ஒட்டும் வேலை திண்ணைக்கு வந்தது. பசை காய்ச்ச விறகு நம்முடையது, காயவைக்க முற்றம் நம்முடையது, ராத்திரி விளக்கும் நம்முடையது. கூலி குரோஸ் கணக்கில், அதாவது 144 பெட்டிக்கு இவ்வளவு என்று. அட்டைப் பெட்டி வந்தபின் அந்த வேலை சுருங்கியது. பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டும் வேலை இன்றும் வீடுகளில் நடக்கிறது. (கருந்திரியையும் மருந்தையும் வீட்டுக்குக் கொண்டுவருகிற ஏஜெண்டை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். அது சட்ட விரோதம். குழந்தை படுத்திருக்கிற வீடு அது.)

இனி வரிக்கு வருவோம். 1934-ல் வெள்ளைக்கார சர்க்கார் தீப்பெட்டிக்கு எக்ஸைஸ் வரி போட்டது. சுதந்திரம் வந்தபின் பெரிய உற்பத்திக்கு அதிக வரி, சிறு உற்பத்திக்குக் குறைந்த வரி என்று வைத்தார்கள். விம்கோவின் மெஷினோடு கைத்தொழில் போட்டிபோட அது தேவைதான், நாம் மறுக்கவில்லை. நடந்தது என்ன? ஒரே முதலாளி தன் உற்பத்தியைப் பல பெயர்களில் பிரித்துக் காட்டி, ஒவ்வொன்றும் சிறுதொழில் என்று சலுகை வாங்கியதும் உண்டு.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. கையால் செய்த தீப்பெட்டிக்கு 5 சதவீதம், மற்றதற்கு 18. எது கையால் செய்தது? கட்டை அடுக்குவது, குச்சியை மருந்தில் முக்குவது, பெட்டியில் குச்சி போடுவது, லேபிள் ஒட்டுவது, பண்டல் கட்டுவது, இந்த ஐந்தில் எதற்கும் மின்சார மெஷின் கூடாது என்று சர்க்கார் எழுதி வைத்தது. தோழர்களே, இந்த ஐந்து வேலையையும் செய்வது யார்? பெரும்பாலும் நம் வீட்டுப் பெண்களின் கைகள்! சலுகைக்குத் தகுதி அந்தக் கையால் வந்தது. சலுகை பில் போட்டவன் கணக்கில் சேர்ந்தது. இந்தக் கைக்கு என்ன கூலி கொடுத்தாய் என்று ஒரு வரி கூட அந்த விதியில் இல்லை. 2020 ஏப்ரலில் இரண்டையும் 12 சதவீதம் ஆக்கினார்கள். அந்தக் கணக்கும் போயிற்று. 2021 டிசம்பரில், 14 வருஷத்துக்குப் பிறகு, பெட்டி விலை ஒரு ரூபாயிலிருந்து இரண்டானது. கூலி இரண்டு மடங்கானதா? வீட்டுக்குப் போய்க் கேட்டுப் பாருங்கள்.

வருமான வரிச் சலுகை நம் தாய்மார்களுக்குப் பயன்படாது. வரி கட்டுமளவுக்கு வருமானம் இருந்தால்தானே! வாங்குகிற சோப்பிலும் பிஸ்கட்டிலும் வரி கட்டுகிறார்கள்; அதற்குக் கழிவு கேட்க பாரம் கிடையாது. நமக்கு வேண்டியது வேறு. 1966 பீடித் தொழிலாளர் சட்டம் வீட்டில் பீடி சுற்றுபவரையும் தொழிலாளி என்றது. அவர்களுக்கு வருங்கால வைப்பு நிதியும் உண்டு என்று 1985-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. வீட்டு உழைப்பாளிக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் சமமான நடத்தை வேண்டும் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1996-ல் உடன்படிக்கை போட்டது. இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை.

ஆகவே முதலில் கணக்கு வேண்டும். சரக்கு வாங்கும்போதும் திருப்பிக் கொடுக்கும்போதும் தேதி, எண்ணிக்கை, கூலி மூன்றையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஏஜெண்ட் கையெழுத்து இல்லாமல் சரக்கை விடவேண்டாம். பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர் நலவாரியத்தில் பதிவு செய்யுங்கள். விளக்குக்கும் விறகுக்கும் ஆகும் செலவைக் கூலியோடு தனியாகக் கேட்போம். மில்லில் சம்பளச் சீட்டு வாங்கிப் பழகிய தோழர்கள் இந்த வாரமே தெருவுக்கு ஒருவராகப் போய், அந்த நோட்டில் முதல் பக்கத்தை எழுதிக் கொடுங்கள்.